பனிமூட்டத்தில் யார் செய்தது என்று கேட்டார்கள்

ட்ரீனா ஸ்டாம்பரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. வேறு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். நான் டெல்பர்ட். பிரையர் ஃபோர்க் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் அப்போது அங்கே ஐசியூ நர்ஸ். ஆறே கட்டில் உள்ள ஐசியூ. நிலைமை ரொம்ப மோசமானால் ஹெலிகாப்டரில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் நகரத்துக்கு அனுப்பிவிடுவோம். கிழக்கு கென்டக்கியில் எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகள் பிழைப்பது இப்படித்தான்.

ட்ரீனாவுக்கு முப்பது தாண்டியபோது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாக வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்று சொல்வது கூடக் குறைவு, பைத்தியம். அதற்கு மூன்று வருஷ மேல்படிப்பு. படிக்கும்போது வேலை பார்க்கக் கூடாது. இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. லீவு நாட்களில் நகரத்துக்குக் கார் ஓட்டிப் போய், அங்கே ஆபரேஷன் தியேட்டரில் ஒரு மயக்க மருந்து நர்ஸின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருவாள். அப்படி நின்றதற்குச் சான்று இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது.

முதல் தடவை போய்விட்டு வந்தவளின் முகத்தை நான் மறக்கவில்லை.

"அந்த நர்ஸம்மா தலமாட்டுல உக்காந்திருக்காங்க. டாக்டருங்கல்லாம் வயித்தப் பாக்குறாங்க, கத்தியப் பாக்குறாங்க. அவங்க ஒருத்தங்கதான் அந்த ஆளையே பாத்துக்கிட்டிருக்காங்க, பெருசு. கண்ண எடுக்கவே இல்ல."

"அதுக்கு எதுக்குடி மூணு வருஷம்? எங்க வீட்டு நாய் தெனமும் என்னைய அப்படித்தான் பாக்குது."

"உங்க நாய்க்கு இடம் கெடச்சாலும் கெடச்சிடும். எனக்குத்தான் கெடைக்காது."

மூன்று கல்லூரிகள் அவள் மனதில் இருந்தன. ஒன்று ஒஹாயோவில், ஒன்று டென்னசியில், ஒன்று மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில். ஓய்வறையில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே முதல் இரண்டையும் பட்டியலிலிருந்து அவளே அடித்துவிட்டாள். வீட்டில் அவள் அப்பா, ஓடல் என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் தூசியைத் தின்று தின்று நுரையீரலைக் கல்லாக்கிக்கொண்ட மனுஷன். தூங்கும்போதும் படியேறும்போதும் மட்டும்தான் அப்போது ஆக்சிஜன் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை வெர்னா, "மூணு வருஷந்தானே, நான் பாத்துக்கிறேன், நீ போடி" என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தூரத்தில் இருந்தது நகரத்துக் கல்லூரி ஒன்றுதான். அதற்கு மட்டும் விண்ணப்பம் போட்டாள்.

ஊரில் விஷயம் தெரியாமல் இருக்குமா? சர்ச் விருந்தில் பீன்ஸ் பரிமாறிக்கொண்டே ஒருத்தி சொன்னாள்: "இப்பவே நம்மள்லாம் கண்ணுக்குத் தெரியல. படிச்சிட்டு வந்தா பேரு சொன்னாக்கூடத் தெரியாதுன்னுடுவா போல."

ட்ரீனா சிரித்தபடி தட்டை நீட்டினாள். எங்கள் மலைப்பக்கத்தில் ஒருத்தன் கடன்காரனாக இருக்கலாம், குடிகாரனாக இருக்கலாம், மன்னித்துவிடுவார்கள். தன்னைப் பற்றித் தானே உயர்த்திப் பேசினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. விருந்தில் எல்லார் முன்னாலும் தட்டை நக்குவது மாதிரி அது. ஓடல் வீட்டில் இன்னும் மோசம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ட்ரீனா பள்ளிக்கூடத்தில் எதையாவது ஜெயித்துவிட்டு வந்து "நான்தான் பண்ணேன்" என்றால், அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பாராம்: "அங்க வேற யாருமே இல்லையாக்கும்?"

அந்தக் குளிர்காலத்தில்தான் க்ளெட்டஸ் வந்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். நிமோனியா முற்றி, ரத்தத்தில் கிருமி ஏறி, வென்டிலேட்டரில் கிடந்தான். காலையில் அனுப்ப ஹெலிகாப்டர் கேட்டோம். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், பறக்க முடியாது என்றுவிட்டார்கள். சாலையில் ஓடை வெள்ளம். இருந்த ஒரே டாக்டர் கீழே அவசரப் பிரிவில் ஒரு கார் விபத்தில் மாட்டியிருந்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. நான் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பை கல் மாதிரி இறுகியது, "இறுகுது" என்றேன். குழாயில் சளி அடைத்திருக்கிறது என்று நினைத்து அதை உறிஞ்சி எடுக்கப் பார்த்தேன்.

ட்ரீனா குனிந்து அவன் நெஞ்சைப் பார்த்தாள். ஒரு பக்கம் எழும்பவே இல்லை. காதை வைத்துக் கேட்டாள். பிறகு போனை எடுத்து டாக்டரிடம், "நுரையீரல் ஒண்ணு சுருங்கிடுச்சு, காத்து வெளிய தேங்கி இருதயத்த நெருக்குது. ஊசியோட இப்பவே மேல வாங்க, இல்லன்னா இவன் போயிடுவான்" என்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டாக்டர் ஓடி வந்து ஊசியைக் குத்த, காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மருந்துகளை ஏற்றி இறக்கி, பனி விலகி ஹெலிகாப்டர் வரும்வரை அவனைப் பிடித்து வைத்திருந்தவள் அவள்தான். க்ளெட்டஸ் இன்றைக்கும் பஸ் ஓட்டுகிறான், ஹாரனை அடித்து எல்லார் உயிரையும் வாங்குகிறான்.

வசந்தத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். சர்ச்சுக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திங்கட்கிழமை கேன்டீனில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"அஞ்சு பேரு இருந்தாங்க. நல்லவங்க. காபி குடுத்தாங்க. உங்க கையில இருந்த ரொம்ப மோசமான நோயாளி யாருன்னு கேட்டாங்க. க்ளெட்டஸப் பத்திச் சொன்னேன்."

"அப்படிப் போடு!"

"நெஞ்சு எழும்பலன்னு யாரு கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தர் கேட்டாரு. எங்க டெல்பர்ட் இருந்தாரு, முப்பது வருஷ அனுபவம், அவரு பையில கை வச்சதுமே ஏதோ தப்புன்னு தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். மிச்சத்த டாக்டர் பாத்துக்கிட்டாருன்னேன்."

"அடிப்பாவி! நான் சளின்னு சொல்லி உறிஞ்சிக்கிட்டுல்ல நின்னேன்?"

"இறுகுதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"இறுகுதுன்னு சொன்னா கண்டுபிடிச்சதாயிடுமா? டயர்ல காத்து எறங்கிடுச்சுன்னு சொல்றவன் மெக்கானிக்காடி?"

அவள் காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவரு திருப்பியும் கேட்டாரு. 'சரிம்மா, நீங்க என்ன செஞ்சீங்க'ன்னு. எனக்கும் தெரியும், சொல்லணும்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அஞ்சு பேரு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு நான், நான், நான்னு... முடியல, டெல்பர்ட். நான் கூடமாட ஒத்தாசையா இருந்தேன்னு சொல்லிட்டேன்."

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நோயாளியைத் தனியாக முடிவெடுத்துக் கவனித்த அனுபவம் போதவில்லை, அடுத்த வருஷம் மறுபடி முயலுங்கள் என்று.

நான் கல்லூரிக்குப் போன் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. ஒரு பெண் எடுத்தாள், குரலில் அப்படி ஒரு மரியாதை. நடந்ததையெல்லாம் கொட்டினேன். "உங்க அக்கறை புரியுதுங்க ஐயா. ஆனா நேர்முகம் முடிஞ்ச பிறகு வெளிய இருந்து யார் சொல்றதையும் நாங்க எடுத்துக்க முடியாது" என்றாள். கத்தினேன். அப்போதும் அவள் மரியாதையாகவே பேசினாள். அவள் மேலும் தப்பில்லை. அந்த ஐந்து பேர் மேலும் தப்பில்லை. யார்மேலாவது தப்பு இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வருஷத்துக்காகப் பயிற்சி எடுத்தோம். என் மனைவி சோளரொட்டி சுட்டுப் போடுவாள், நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "யாரும்மா கண்டுபிடிச்சது?" என்று கேட்பேன். ட்ரீனா "நான்தான்" என்று தொடங்கிவிட்டு வெடித்துச் சிரிப்பாள். இலை உதிரும் காலத்தில்தான் சிரிக்காமல் சொல்ல வந்தது. முகம் சிவக்கும், காது சிவக்கும், ஆனால் சொல்லிவிடுவாள்.

அதற்குள் ஓடலின் நெஞ்சு தோற்றுவிட்டது. ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை நடக்க முடியவில்லை. ஒருநாள் விழுந்துவிட்டார். அத்தை வெர்னாவால் அவரைத் தூக்க முடியாமல், அவரோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள், ட்ரீனா வரும்வரை.

குளிர் தொடங்கும்போது ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் வந்து ஐசியூவை மூடப்போவதாகச் சொன்னார்கள். கட்டில்கள் வார்டோடு சேரும், வென்டிலேட்டர்கள் போய்விடும், நர்ஸ்களுக்கு வார்டில் வேலை உண்டு. விண்ணப்பிக்கிறவர் ஐசியூவில் வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. நகரத்து ஐசியூவில் அவளுக்கு வேலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள், ஒரு வருஷம் அங்கே இருந்தால் போதும். அன்று ஓடல் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "நீ போ புள்ள" என்றார். சொல்லி முடிக்கவே அவருக்கு மூச்சு போதவில்லை. அதைப் பார்த்துவிட்டு எந்த மகள் போவாள்?

அப்பாவை விட்டுப் போக முடிந்த வருஷம் முதல் நேர்முகம் நடந்த அந்த ஒரு வருஷம்தான். அந்த வருஷத்தை அவள் தூக்கி என் பெயரில் எழுதிவிட்டாள்.

போன மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துக்கென்று டாக்டர் கிடையாது, அதற்குப் படித்த நர்ஸ் ஒருவர்தான் எல்லாம். புதிதாக வந்த இளைஞன், வெளியூர்க்காரன். வார்டிலிருந்து என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தது ட்ரீனா. தியேட்டர் வாசலில் தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். வார்டு ஆட்கள் அதைத் தாண்டக் கூடாது.

"இவரு டெல்பர்ட்" என்று அவனிடம் சொன்னாள். "முன்பல்லு ஒண்ணு ஆடுது. கழுத்து குட்ட, வாயும் பெருசா தெறக்காது, மூச்சுக் குழாய் சுலபமாப் போகாது. மொதல்லயே தொண்டையப் பாக்குற கேமராவ எடுத்து வச்சுக்குங்க. பயந்தாங்கொள்ளி, சும்மா பேசிக்கிட்டே இருப்பாரு."

அவன் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆமா, கஷ்டந்தான். நல்லவேள சொன்னீங்க" என்றான்.

"இவருதாங்க சொன்னாரு" என்றாள் ட்ரீனா.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தேன், அவள் என் தோளை அழுத்திப் படுக்க வைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்து, கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். கட்டில் உள்ளே நகர்ந்தது. தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

"தம்பி, அந்தப் புள்ள பொய் சொல்லுது" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லல. எல்லாம் அவளே பாத்தது. அவ இந்தப் பக்கம் இருக்க வேண்டியவ, தெரியுமா?"

"சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று முகமூடியை என் மூக்கில் வைத்தான். "நல்லா மூச்ச இழுங்க."

நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. விழுந்திருந்தாலும் அவன்தான் என்ன செய்வான்?