மூன்று நிமிடத்தில் ஒரு காகித ஆலை ஊர்

ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அதை இன்றுவரை யாரிடமும் நான் சொல்லிக்கொள்வதில்லை.

தலைப்பு, ‘ஓர் ஊரின் வரலாறு’. மற்ற பிள்ளைகளெல்லாம் எங்கள் ஊரான சங்கரன்கோவிலையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மாமா இருந்தார். கடற்கரை ஊர் ஒன்றில் காகித ஆலை இயந்திரத்தோடு காலம் தள்ளி, ஆலையை மூடியதும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். இயந்திரச் சத்தத்தில் காது முக்கால்வாசி போயிருந்தது. மீன்பிடிக் குப்பமாக இருந்த இடம் ஆலையால் ஊரானதையும், காகிதம் ஏற்றிப்போகத் துறைமுகம் வந்ததையும், கடைசியில் கப்பல் வராமலே போனதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். அவரோடு சேர்ந்து அந்த ஆலைக்கு வேலைக்குப் போனவர் பனவடலிசத்திரத்து ஞானமுத்து. முதல் கப்பலுக்குச் சரக்கு ஏற்றியபோது காகித உருளை சரிந்து அதன் அடியில் செத்துப்போனார்.

“ஆலைக்காரன் போட்ட வெள்ளிவிழா மலர்ல கப்பல் படம் இருக்கு, அவன் பேரு இல்ல. நீயாவது சொல்லிரு மக்கா.”

மேடையில் நான் ஞானமுத்துவை நெருங்கும்போதே மூன்று நிமிடம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. கப்பல் புறப்படும் கட்டத்தைக் கண்ணாடி முன் நின்று அத்தனை நாள் பழகியிருந்தேன். கைதட்டல் அதற்குத்தான் விழும். அவரை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டேன்.

கைதட்டல் விழுந்தது. கடைசி வரிசையில் மாமா எழுந்து நின்று தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்.

“பேரைச் சொன்னியாட்டி? எனக்குத்தான் கேக்கல போல.”

“சொன்னேன் மாமா” என்று அவர் காதருகே கத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு ஞானமுத்துவின் மனைவி பஸ் ஏறி வந்துவிட்டார். மாமா சொல்லியனுப்பியிருக்கிறார்.

“ஒருக்க சொல்லு மக்கா, கேக்குதேன்.”

எங்கள் முன்னறையில் நின்று முழுவதையும் பேசினேன். அந்தப் பெயரை முதன்முதலாக அங்கேதான் உரக்கச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இம்புட்டுச் சத்தமாவா சொன்ன?”

“ஆமா அத்தை.”

“எல்லாரும் கேட்டாவளா?”

“கேட்டாங்க.”

பஸ் வரும்வரை இன்னும் இரண்டு முறை அதையே கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினேன். கேட்க வேண்டியவரே கேட்டுவிட்டார், இனி மற்றவர்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பொய்யை ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்ட நிம்மதிகூட எனக்கு இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.