மிச்சம் வைத்த மருந்து

டி. கல்லுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். தோசை மாவு, கறிவேப்பிலை, ஊர்வம்பு எல்லாம் அதைத் தாண்டித்தான் போய்வரும். என் மகள் சளியில் இருமிக்கொண்டிருந்தபோது பாதி மருந்தோடு ஒரு பாட்டிலும் வந்தது.

"இந்தாத்தா. நெஞ்சுச் சளின்னு எம் மகனுக்கு டாக்டரம்மா குடுத்தது. ரெண்டு வேளையில காய்ச்சல் விட்டுருச்சு."

எங்கள் பக்கம் 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று சொல்லும்போதே ஒரு நிம்மதி இருக்கும். வேண்டாத விருந்தாளி தானாக எழுந்து போனதுபோல.

"டாக்டரக் கேட்டுட்டுக் குடுக்குறேன்க்கா."

"கேளு, கேளு. வரிசையில உக்காந்து கேட்டாத்தான் உனக்கு மனசு ஆறும்."

டாக்டரம்மா மகளின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார்.

"வெறும் சளிதான். மூச்சு சீரா இருக்கு. ஆன்டிபயாடிக் வேணாம். மூச்சு வாங்குனா மட்டும் ஒடனே தூக்கிட்டு வாங்க."

பாட்டிலை எடுத்து நீட்டினேன். லேபிளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது நிமோனியாவுக்கு நான் எழுதுனது. பாதி அப்படியே இருக்கே. அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பேரையூர்க் கோயிலுக்குப் போய்வந்த அசதியில் படுத்திருக்கிறான் என்று அக்கா காலையில் சொன்னதைச் சொன்னேன்.

"காய்ச்சல் விட்டாலும் நெஞ்சுல இருக்குறது போயிருக்காதும்மா. போய்ப் பாருங்க."

அக்கா வீட்டுக்குள் பையன் சுவரோரம் கிடந்தான். பக்கத்தில் செல்போனில் பொம்மைப் படம் ஓடியது. அவன் அதைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா செய்ததுபோலவே சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"அசதின்னுல்ல இருந்தேன்" என்றார் அக்கா.

பையனை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஆம்புலன்ஸ் வரவழைத்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். ஆக்சிஜன், ஊசி என்று பல நாள் கிடந்து பையன் பிழைத்து வந்தான். இப்போது அந்தச் சுவரின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் கோரிப்பாளையம் நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றபோது, மகன் நெஞ்சை விட்டுக் கண்ணெடுக்காமல் அக்கா சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"அம்புட்டையும் ஊத்தியிருப்பேன்த்தா. உம் மகளும் இருமுறாளேன்னுதான் மிச்சம் வச்சேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.