வெள்ளிக்கிழமை மணியும் ஒண்ணாம் நம்பரும்

எங்க ஆம்பூர் ஷூ கம்பெனியில மணி அடிக்கறதே கம்ப்யூட்டர்தான். பத்து வருஷம் தையல் லைன்ல உட்கார்ந்து ஷூ தைச்ச நான், தபால்ல பி.சி.ஏ. முடிச்சேன். மூணு மாசம் பார்க்கலாம்னு சொல்லி என்னை அந்த கம்ப்யூட்டர் ரூமுக்கு அனுப்பினாங்க. "எல்லாம் தெரியுமா?"ன்னு மேனேஜர் கேட்டாரு. "அத்துப்படி சார்"னு சொல்லித் தொலைச்சேன். வாய்க்கொழுப்பு, வேற இன்னா?

முதல் வேலையே மணி. தினம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. வெள்ளிக்கிழமை மட்டும், தொழுகைக்குப் போறவங்களுக்காகப் பன்னெண்டரைக்கே அடிக்கணும். புதுசா வந்த கம்ப்யூட்டருக்கு அது தெரியல. மணி நேரம் எழுதியிருக்கற ஃபைலைத் திறந்தேன். எந்த எடிட்டர்ல, அதாவது எழுதித் திருத்தற எந்த புரோகிராம்ல, திறக்கட்டும்னு ஒரு பட்டியல் வந்தது. ஒண்ணாம் நம்பர், நானோன்னு ஒரு எடிட்டர். பக்கத்துலயே ரொம்ப ஈஸின்னு போட்டிருந்தது. ஈஸியா? எனக்கா? மேனேஜர் வேற பின்னாடி நிக்கறாரு. ஸ்டைலா ரெண்டை அமுக்கினேன்.

அடேங்கப்பா! திறந்துச்சு பாருங்க ஒண்ணு. முப்பதுன்னு அடிச்சா எழுத்தே விழல. வேற எதையோ அமுக்கினா முழு வரியும் காணோம். வெளிய வரவும் வழி தெரியல. லைன்ல மெஷின் சிக்கிக்கிச்சுன்னா இழுக்கக் கூடாது, ஸ்விட்சை அணைன்னு பழகினவங்க நாங்க. அணைச்சேன். திரும்பத் திறந்தா பட்டியலே வரல, நான் அமுக்கின ரெண்டையே ஞாபகம் வச்சுக்கிட்டு நேரா அதே பேஜார். மறுபடி அணைச்சேன்.

ரெண்டு வெள்ளிக்கிழமை மணி ஒண்ணுக்கேதான் அடிச்சது. கட்டிங் செக்‌ஷன் பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாரு. "இன்னாம்மா, மசூதியில பாங்கு சொல்லி முடிச்சிட்டாங்க, உன் மணி தூங்குதா?" வெட்கமா போச்சு. மேனேஜர் சுத்தி வளைக்கல. "அடுத்த வாரமும் இப்படின்னா லைனுக்கே போயிடும்மா."

வியாழக்கிழமை எனக்குச் சோறே இறங்கல. ரோஷத்தை ஓரங்கட்டிட்டு நெட்ல தேடினேன். எடிட்டரை மாத்திக்க ஒரே ஒரு வரிதானாம். அடிச்சேன். அதே பட்டியல்! இந்தத் தடவை ஒண்ணை அமுக்கினேன். சத்தியமா சொல்றேன், சின்னப் புள்ளைங்க நோட்டு மாதிரி திறந்துச்சு. அடிச்சா எழுத்து விழுது. எப்படிச் சேமிக்கறது, எப்படி வெளிய வர்றதுன்னு கீழயே எழுதியிருக்கு! வெள்ளிக்கிழமைக்குப் பன்னெண்டரைன்னு மாத்திச் சேமிச்சுட்டு, தலையில அடிச்சுக்கிட்டுத் தனியா உட்கார்ந்து பைத்தியம் கணக்கா சிரிச்சேன்.

வெள்ளிக்கிழமை பன்னெண்டு இருபத்தெட்டு. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கறாரு, நான் மேனேஜரைப் பார்க்கறேன். பன்னெண்டரைக்கு டாண்ணு அடிச்சுது! மெஷின் சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா ஓய, பாய் முதல் ஆளா படியிறங்கி ஓடினாரு. நான் நாற்காலியை விட்டே குதிச்சிட்டேன்.

"இதுக்கா இவ்வளவு நாளு? மெஷின் கோளாறா?"ன்னு கேட்டாரு மேனேஜர். ஆமான்னு சொல்லியிருக்கலாம், அவருக்கு இன்னா தெரியப் போகுது? "இல்ல சார், தெரியாததைத் தெரியும்னு சொல்லி, ஈஸியான ஒண்ணாம் நம்பரை விட்டுட்டு ரெண்டை அமுக்கிட்டேன்"னு உளறிட்டேன். அவரு கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தாரு.

"சரி, திங்கக்கிழமை மத்த கம்ப்யூட்டர்லயும் அந்த ஒண்ணாம் நம்பரையே வச்சிடு"ன்னுட்டுச் சாப்பிடப் போய்ட்டாரு.

திங்கக்கிழமை! அப்போ லைனுக்குப் போக வேணாம், எனக்கு இங்கதான் வேலை! அவரு வாயால அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.