சிரித்தால்தான் எடுக்கும் கேமரா

பட்டனை அழுத்தினால் "ஸ்ர்ர்ர்" என்று லென்ஸ் வெளியே நீளும். பிடித்திருக்கும் கையில் லேசாக ஒரு நடுக்கம் தெரியும்... உள்ளே ஏதோ உயிர் இருப்பதுபோல.

வெள்ளிமலைப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த முதல் வருடம் கள்ளக்குறிச்சியில் வாங்கிய டிஜிட்டல் கேமரா அது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பத்து மெகாபிக்சல், மூன்று மடங்கு ஜூம். அதைக் கையில் மாட்டிக்கொண்டு நான் பண்ணிய அலம்பல் கொஞ்சநஞ்சமில்லை.

குறைக்கும் குறைவில்லை. பென்சில் பேட்டரியைத் தின்று தீர்க்கும். வெயிலில் திரை தெரியாது. அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் எடுக்கும், அதற்குள் பிள்ளைகள் ஓடிப்போயிருக்கும்.

மலையில் பனி இறங்கிய காலையில் ஃபிளாஷ் அடித்தால் படம் முழுக்க வெள்ளை வட்டங்களாக விழும். "மிஸ், பின்னாடி யாரோ நெறைய பேரு நிக்கிறாங்க மிஸ்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திரையைத் தொட்டுக் காட்டியது. அது பனித்துளி என்று பாடம் நடத்தினேன். ஆனால் அந்தப் படத்தை நானும் திரும்பப் பார்க்கவில்லை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. முகத்தைக் கண்டால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடும். "ஸ்மைல்" என்றொரு வசதியைப் போட்டுவிட்டால், எதிரே யாராவது சிரித்ததும் அந்தக் கட்டம் பச்சையாகித் தானாகவே எடுத்துக்கொள்ளும். சிரிக்காவிட்டால் எடுக்காது, நாம் என்னதான் அழுத்தினாலும்...

அப்போது கச்சிராயபாளையத்தில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீடு ஸ்டெல்லா அக்கா வீடு. அவர் கணவர் சூசை அண்ணன் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுவார். தங்கமான மனுஷன், ஆனால் கேமராவைக் கண்டால் ஆள் இருக்க மாட்டார். "நம்ம மூஞ்சிக்கு இன்னாத்துக்கு டீச்சர் போட்டோ?" என்று நழுவிவிடுவார்.

ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று கரும்புக் கொல்லையில் உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

மறுநாள் மதியம் அடக்கம். கிறிஸ்தவர்களான அவர்கள் வீடுகளில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பமே சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அன்று பார்த்து ஸ்டூடியோக்காரர் கல்யாண வேலையாகச் சங்கராபுரம் போயிருந்தார். ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எடுங்க டீச்சர். வூட்ல அவரு படம் ஒண்ணுகூட இல்ல. கண்ணாலத்துல எடுத்தது மழையில ஊறிப் பூடுச்சு. ஓட்டு கார்டுல இருக்கறதோட சரி."

முந்தின நாள் பள்ளியில் ஸ்மைலைப் போட்ட மகராசி, அணைக்க மறந்துபோயிருந்தேன்.

அழுத்தினேன். எடுக்கவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக் என்றது. திரையில் மஞ்சள் கட்டங்கள்... அக்கா, இரண்டு பெண்கள், மாமியார், கொழுந்தனார். ஐந்து பேர். ஐந்து பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆறாவது கட்டம் பெட்டிக்குள் இருந்தது.

அதுவும் முகம்தானே, கட்டம் போடத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆவட்டும் டீச்சர், சர்ச்சுல சாமியாரு காத்துகினு இருக்காரு" என்றார் கொழுந்தனார்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஸ்மைல் குறி கண்ணில் பட்டது. அடக் கடவுளே என்று அணைக்கப் போனேன்...

க்ளிக்.

சத்தியமாக நான் எதையும் தொடவில்லை. ஐந்து பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறாவது கட்டம் மட்டும் பச்சையாக மாறியிருந்தது. அடுத்த நொடி பேட்டரி தீர்ந்து லென்ஸ் உள்ளே போய்விட்டது. பெட்டியையும் மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். அழுகிற முகங்களுக்கு நடுவே சூசை அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய.

குப்பைத்தொட்டி பட்டனை அழுத்தினேன். அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஓகே அழுத்தினேன்.

"பேட்டரி போயிடுச்சுக்கா, படம் விழல" என்று அக்காவிடம் பொய் சொன்னேன். "போட்டும் டீச்சர், நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு கேமராக் கடைக்காரரைக் கேட்டேன். "வாய் கொஞ்சம் தொறந்து பல்லு தெரிஞ்சா, மிஷின் சிரிப்புன்னு நெனச்சிக்கும்ங்க, அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானா! அதற்காகவா ஒரு வீட்டுக்கே மிஞ்சியிருந்த ஒரே படத்தை அழித்தேன்? ஓட்டு கார்டு படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியாது. அதைப் பார்க்க முடியாமலே உளுந்தூர்பேட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது என் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள். சாப்பிட்ட தோசை முதற்கொண்டு இருக்கிறது. தெரியாமல் அழித்தால்கூட ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருகிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்.

போன மாதம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நின்றேன்.

"பல்லு தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுதுக்கா. முன்பல்லு ஒண்ணு பாதி ஒடைஞ்சிருந்துச்சு."



"டிராக்டர் கொக்கி அடிச்சி ஒடைஞ்சது. அதுலருந்து சிரிப்பு வந்தா கையால வாய மூடிக்குவாரு. எங்கிட்டகூட அப்டிதான். அன்னிக்கு ரெண்டு கையையும் சேத்து ஜெபமாலைய சுத்திக் கட்டிட்டோம்... மூட முடியல போல."

கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்றது. அக்கா ஏறவில்லை.

"இன்னொரு தபா சொல்லுங்க டீச்சர்... எப்டி சிரிச்சாரு?"