அஞ்சாவது வீடு எந்த மாநிலத்தில்? நர்சிங் மாறுதலுக்காக ஒரு எல்லைப் பயணம்

மார்த்தாண்டத்திலிருந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் வராது. போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை அதைக் கடக்க எனக்கு ஏழு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. நர்சிங் படிப்பின் நடுவில் பல்கலைக்கழகம் மாற நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் வீடு கேரளத்தில், அமரவிளையில். படித்தது தமிழ்நாட்டில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். அங்கே விடுதியில் தங்கியே ஆக வேண்டும். மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அம்மா துணிக்கடை வேலைக்குப் போனால் ராத்திரி ஏழுக்குத்தான் வருவாள். கைக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும். நெய்யாற்றின்கரை அருகே ஒரு கல்லூரியில் தினமும் வீட்டிலிருந்தே வந்து போகலாம் என்றார்கள். இரண்டு பல்கலைக்கழகமும் சம்மதம் கொடுத்துவிட்டன. அப்புறம்தான் வந்தது வினை.

முந்தின நாள் புதுக் கல்லூரியிலிருந்து போன். சமூக சுகாதாரப் பயிற்சிக்காக நான் ஐந்து குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதிய ரெக்கார்டின் நகலில், அஞ்சாவது வீட்டின் முகவரி கேரளப் பஞ்சாயத்தில் இருக்கிறதாம். பழைய கல்லூரிக்குப் பயிற்சி எல்லை தமிழ்நாட்டுக்குள் மட்டும். ஆகவே அந்த வீட்டில் செய்த இருபது மணி நேரப் பயிற்சி கணக்கில் வராது. புதன் மாலை நாலு மணிக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் என் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

காலை 8:10. பழைய கல்லூரி அலுவலகத்தில் அசல் ரெக்கார்டை எடுத்துப் போட்டு, குமாஸ்தா அண்ணன் வெகு சுலபமாக வழி சொன்னார். "ஒயிட்னர் அடிச்சு நம்பர மாத்திரு மக்கா. ஆரு பாக்கப் போறா?" கை நீண்டது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பயத்தைவிட எனக்கு வேறொரு குடைச்சல். அந்த வீட்டுக்கு எட்டு முறை போயிருக்கிறேன், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிய நினைவே இல்லை. அப்படியானால் வீடு எப்படித் தாண்டியது?

8:25 டவுன் பஸ். தமிழ்நாட்டில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கேரளக்காரியானாலும் கேட்க மாட்டார்கள். ஒன்பதுக்குக் களியக்காவிளை. அங்கிருந்து அந்த அஞ்சாவது வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. எல்லை என்றால் வேலியும் வாசலும் தேடாதீர்கள். அந்த ஊரில் அது ஒரு சிறு தார்ச்சாலை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம்.

நான் எட்டு முறை ஏறிய வீடு பூட்டிக் கிடந்தது. அப்போது சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "எடி பிள்ளே, அங்க ஆரும் இல்ல. அம்ம சந்தைக்குப் போயாச்சு. இங்க வா!"

ஷீபா அக்காதான், தோளில் பிள்ளையோடு. ஏப்ரலில் அவளுடைய பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நான் பார்த்த குடும்பம்தான் அந்த அஞ்சாவது. விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது எனக்க அம்ம வீடாக்கும். மொதல் பேறு, அதனால அங்க கெடந்தேன். மூணு மாசம் கழிஞ்சு இங்க மாப்பிள வீட்டுக்கு வந்தாச்சு. நீ நம்பர் கேட்டப்ப நான் ரேஷன் கார்டைத் தந்தேன். அதுல இந்த வீட்டு நம்பர்தானே உண்டு!"

இருபது அடிச் சாலை. உட்கார்ந்தது தாய்வீட்டில், எழுதியது மாப்பிள்ளை வீட்டை. வேறெங்கே இருந்தாலும் ஏதோ தெரு மாறியது என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் மாநிலமே மாறிவிட்டது.

நல்லவேளை, புதன்கிழமை தடுப்பூசி நாள். பிள்ளைக்கு ஊசி இன்னும் அம்மா வீட்டுப் பக்கம்தான். மூன்று பேருமாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி நடந்து, 10:15-க்குத் துணை சுகாதார நிலையம் சேர்ந்தோம். என் வருகைகளைப் பதிவேட்டில் பதிந்துவந்த கிராம சுகாதார செவிலியர் அக்காவைச் சுற்றி முப்பது தாய்மார். கையெழுத்து என்று நான் வாயெடுத்ததுமே எடைத்தராசைக் கைகாட்டினார்.

"நர்சுப் பிள்ளதானே? நில்லு அங்க. பிள்ளேரு தீரட்டு, பொறவு உனக்க காரியம்."

இரண்டரை மணி நேரம் எடை போட்டேன். கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குழந்தை என் மேல் நனைத்தது. 12:45-க்கு அக்கா தன் வருகைப் பதிவேட்டை விரித்து, தாய்வீட்டு முகவரியில் என் எட்டு வருகையையும் விரலால் காட்டினார். கடிதம் எழுதி, ஷீபா அக்காவின் தாய்சேய் அட்டையையும் சேர்த்துச் சீல் வைத்தார். "சாரமில்ல மக்கா, பயப்படாண்டாம், நீ பொய் எழுதல்ல. வீட்டப் பாக்காம காயிதத்தப் பாத்து எழுதின, அதாக்கும் தப்பு."

1:20 கேரள பஸ். பாறசாலையில் இறங்கி நகல் எடுத்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன், எழுபது ரூபாய். பசித்தவளுக்கு அமிர்தம். 2:20-க்கு அடுத்த பஸ், அமரவிளை. அங்கிருந்து கல்லூரிக்கு இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது. "வாசல்ல விட்டா போராது, உள்ள ஏத்தமாக்கும்" என்று டிரைவர் மாமா மேலேயே கொண்டு விட்டார். அவர் சொன்னது மெய், நடந்திருந்தால் மூச்சு போயிருக்கும்.

2:55. பொறுப்பு ஆசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அப்போ வீடு மாறியது நீயல்ல, அந்தப் பொண்ணு. இல்லே மோளே?" என்று சிரித்து, 3:20-க்குக் கையெழுத்துப் போட்டார். வாசலில் வந்து அழுதேன். வீட்டில் அப்பாவின் வலது கையைப் பிடித்துச் சொன்னபோது, அந்தக் கையில் சின்னதாக ஓர் அழுத்தம் வந்தது.

மாறப் போகிறவர்களுக்கு: விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், கேட்பதை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி ரெக்கார்டை ஒப்படைக்கும் முன் முழு நகல் எடுங்கள். கையெழுத்துக்குப் புதன்கிழமை போனால் வேலை செய்யவும் தயாராகப் போங்கள். ஒயிட்னரைத் தொடாதீர்கள்.

புதுக் கல்லூரியில் எனக்குப் பயிற்சி எல்லை பாறசாலைப் பக்கம். முதல் குடும்பத்தை நானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அதே ஷீபா அக்கா, அதே பிள்ளை, நான் அன்று தவறாக எழுதிய அதே வீட்டு நம்பர். ரேஷன் கார்டை அக்கா நீட்டினாள். நான் வாங்கவில்லை. வெளியே போய்க் கதவுக்கு மேலே பார்த்து எழுதினேன்.