கழற்றியவர் பெயர்

சேதி வந்தபோது நான் அரிமளத்தில் ஒரு புது வீட்டில் ஏணி மேல் நின்று வயர் இணைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறைதான் எடுத்தேன். சுப்பையா அண்ணனின் மனைவி மீனாட்சி மதினியின் தம்பி பேசினார். “அத்தான் போயிட்டாங்க. பதினொன்னரைக்கு. வந்துருங்க,” என்றார். நான் உடனே இறங்கவில்லை. கையிலிருந்த இரண்டு வயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் நுனியைச் சிறிதாக மடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அடுத்த முறை உரிக்க வசதியாக நுனியை மடித்து விடுவது என் பழக்கம். முப்பது வருடமாகக் கை தானாகச் செய்கிறது. எங்கு போனாலும் இது செல்வராசு சுற்றிய டேப் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

திருக்கோகர்ணத்துக்காரர்களுக்கு அவர் கம்பவுண்டர் சுப்பையா. பொன்னமராவதிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்தே ஓய்வு பெற்றவர். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவருடைய சன்னலில் கை நீட்டி மாத்திரை வாங்கியவர்கள். எடுப்பு நாளன்று சாவுப் பந்தலில் நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஊருக்கெல்லாம் அளந்து மருந்து கொடுத்த மனுசன், தன் கை விசயத்தில் அசால்ட்டாக இருந்துவிட்டாரே என்றீர்கள். நான் மாலையோடு அங்கேதான் நின்றேன். தலையாட்டவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. அன்றைக்குப் பேசாததைப் பேசத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவருக்கும் எனக்கும் பழக்கமானது ஒரு லேத்தினால். பட்டறையில் நிற்கும் பெரிய லேத் இல்லை. மேசை மேல் வைத்து இரும்பு கடைகிற சின்ன மிஷின், இரண்டு பேர் தூக்கினால் நகரும். ஓய்வு பெற்ற மாதமே அதை வாங்கிவிட்டார். ஷெட்டுக்குத் தனி லைனும் எர்த்தும் போட என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது மிஷினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டு, கம்பெனியில் அப்பி அனுப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெயும் டூத் பிரஷும் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். புது மிஷினை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குள் நானும் பித்துப் பிடித்து இரும்பைச் செதுக்குகிற ஒரு சின்ன மில்லிங் மிஷின் வாங்கி, என் வீட்டில் இடமில்லாமல் அவர் ஷெட்டிலேயே கொண்டுபோய் வைத்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடியவர்கள் நேராக அங்கேதான் வந்தார்கள்.

அவர் ஷெட்டும் ஒரு மருந்தகம் மாதிரிதான் இருக்கும். எண்ணெய் விடும் ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் சின்னச் சீட்டு ஒட்டியிருப்பார். 1–0–1 என்றால் காலை ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. 0–0–1 என்றால் வேலை முடிந்ததும் ஒன்று. மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்புக் காகித உறையைக் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். மிஷினிலிருந்து ஒரு திருகைக் கழற்றினாலும் அது உறைக்குள் போக வேண்டும். உறை மேல் மூன்று வரி எழுத வேண்டும்: பொருள், கழற்றியவர், காரணம். எழுதியதை அவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டவும் வேண்டும். சன்னலில் நோயாளிகளிடம் கேட்கிற அதே தொனியில், “எங்க, திருப்பிச் சொல்லுங்க,” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நான் அவசரக்காரன். ஊரில் நாலு வேலை ஒப்புக்கொண்டு நாலையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவன்.

மிஷின்களை மேம்படுத்துவதில் எங்களுக்குள் ஓயாத வாதம். பேரிங்கை நல்லதாக மாற்றினோம். ஆடிக்கொண்டிருந்த சறுக்குப் பாகங்களைத் திருகு பிடித்துச் சீராக்கினோம். அதிலெல்லாம் சண்டை இல்லை. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் போடலாம் என்று நான் சொன்னபோதுதான் முட்டிக்கொண்டது. மட்டமான சாமானைப் போட்டு ஏமாற்றியிருக்கிறான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “ஒடையட்டும்னுதான் வச்சிருக்காங்க, செல்வராசு. மிஷினு எங்கயாச்சும் சிக்குனா இது ஒடையும். மாத்த இருவது நிமிசம். இது ஒடையலைன்னா வேற எது ஒடையும்னு யோசிச்சீங்களா?” நான் யோசிக்கவில்லை. வாதத்தில் தோற்றதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

பெரிய சக் வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் நான்தான். சக் என்பது லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் தலை. பெரியதாக இருந்தால் பெரிய வேலை செய்யலாம். அவரும் ஆசைப்பட்டார், வந்தது, மாட்டினோம். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, சக்குக்கு மேல் கவிழ்கிற கண்ணாடி மாதிரியான மூடி, புது சக்கில் இடித்துக்கொண்டு முழுதாக மூடவில்லை. அந்த மூடிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாது. ஆக, புது சக்கோடு மிஷின் ஓடவே ஓடாது. திருச்சியில் தகடு வாங்கிப் பெரிய மூடி செய்வோம், அதுவரை பொறுப்போம் என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பொன்னமராவதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஷெட் சாவி என்னிடம் இருந்தது. புது சக் சுற்றுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. அந்த சுவிட்சைக் கழற்றி, அதிலிருந்து வந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். மூன்று நிமிட வேலை. மூடி திறந்திருக்க, சக் ஜம்மென்று சுற்றியது. அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அணைத்தேன். சுவிட்சை என் மில்லிங் மிஷினின் தட்டில் போட்டேன். உறை எடுக்கவில்லை, எழுதவில்லை. நாளைக்கு வந்து பழையபடி மாட்டிவிடலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அரிமளத்தில் ஒரு கிரகப்பிரவேச வீட்டு வேலை இழுத்துக்கொண்டது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். திட்டுவாரே என்று போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போல 1–0–1 பார்க்க ஷெட்டுக்குப் போயிருக்கிறார். வெளிச்சத்துக்காக மெயினைப் போட்டிருக்கிறார். மிஷின் விளக்கு அந்த மெயினிலிருந்தே எரியும்படி வயரிங் செய்ததும் நான்தான். மூடியைத் தூக்கிவிட்டு, துணியால் சக்கைத் துடைத்திருக்கிறார். முழங்கை ஸ்டார்ட் பட்டனில் பட்டிருக்கிறது. துணி சுருட்டிக்கொண்டது, துணியோடு வலது கையும் உள்ளே போனது. மெயினை அணைத்துவிட்டுத் துடைத்திருக்கலாமே என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். மூடி தூக்கியிருந்தால் ஓடாது என்று அந்த மிஷினை நம்பினார். அப்படி நம்புவதற்காகவே வைக்கப்பட்ட சுவிட்ச் அது. அன்றைக்கு அது என் தட்டில் கிடந்தது.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவை மடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி என்னைப் பார்த்ததும் அழுதார். அந்தச் சனியனை வாங்கும்போதே வேண்டாம் என்றேன் தம்பி, கேட்டாரா என்று என்னிடமே கேட்டார். அண்ணனுக்குச் சர்க்கரை வேறு, புண் ஆறாமல் இழுத்தது. பார்க்க வந்தவர்கள் எப்படி ஆனது என்று கேட்கும்போதெல்லாம், என் கவனக்குறைவுதான் என்று அவர் ஒரே பதிலைச் சொன்னார். அவருக்குக் காரணம் தெரியவில்லை, அதனால் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஷெட்டுக்கு வரச் சொன்னார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லேத்தின் பக்கப் பலகை திறந்திருந்தது. நான் சுற்றிய டேப் வெளியே தெரிந்தது, நுனி மடித்தபடி. என் தட்டில் கிடந்த சுவிட்ச் இப்போது லேத் மேல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். “அந்த வயரைப் பிரிச்சு, சுவிட்ச மறுபடி மாட்டிருங்க.” மாட்டினேன். திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லையா அண்ணே என்று கேட்டேன். “எனக்குப் பென்சன் வருது. ஒங்களுக்கு வயரிங்குதான் பொழப்பு. நாலு வீட்டுல நம்பிக் கூப்பிடணும்,” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் எடுக்காதது பெருந்தன்மை. நான் எடுக்காதது கோழைத்தனம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன.

அப்புறம் மூன்று வருடம். இடது கையால் எழுதப் பழகினார். எழுத்துகள் கோணிக்கொண்டு ஓடின. லேத்தை அவரால் ஓட்ட முடியவில்லை. பழைய சின்ன சக்கை மறுபடி போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். மதினி காபி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் திட்டுவார். தன் கையைத் தானே கெடுத்துக்கொண்ட மனுசனுக்குச் சோறு பிசைந்து கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பார். ஆத்திரத்தில் அதைவிடக் கடுமையாகவும் சொன்னதுண்டு. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காபியை இடது கையால் ஆற்றுவார். நானும் குடிப்பேன். அந்தக் காபிகளை எல்லாம் நான் எப்படிக் குடித்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கடைசி ஆறு மாதம் கிட்னி கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஓடியது. கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சர்க்கரைதான் காரணம் என்றார் டாக்டர். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கைப் புண்ணுக்குப் பிறகு சுப்பையா அண்ணன் ஒரு நாளும் பழைய ஆளாக நடமாடவில்லை என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டு ஒரு பழுப்பு உறையைக் காட்டினார். அவருடைய மருந்துப் பெட்டியில் இருந்ததாம். “பாருங்க தம்பி, அவரே கழட்டுனதா அவரே எழுதி வச்சிருக்காரு,” என்றார். உறை காலியாக இருந்தது. மேலே மூன்று வரி. பொருள்: மூடி சுவிட்ச். கழற்றியவர்: சுப்பையா. காரணம்: அவசரம். எழுத்துகள் கோணிக்கொண்டு ஓடின. சுவிட்ச் கழன்ற நாளில் அவருக்கு வலது கை நன்றாக இருந்தது. இது அதற்குப் பிறகு, இடது கையால் எழுதியது. மருந்துச் சீட்டில் வாழ்நாளெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாத மனிதர், எனக்காக ஒரே ஒரு பொய்ச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நாளைக்கு யாராவது மூடி திறந்திருக்க மிஷின் எப்படி ஓடியது என்று கேட்டால் அத்தாட்சி வேண்டுமே என்று நினைத்திருப்பார்.

அங்கேயே, அந்த இடத்திலேயே மதினியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “மூணு வருசமா அந்த மனுசன வைஞ்சேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து காப்பி குடிச்சீங்கள்ல?”

ஆமாம் என்றேன்.

“வைஞ்சத இனி யாருகிட்டப் போயித் திருப்பி வாங்குவேன்?”

அப்புறம் அவரே, என்னிடம் மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது, பந்தலில் அவரைக் குறை சொன்ன அத்தனை பேருக்கும் சொல்லுங்கள் என்றார். உங்கள் மிஷினை அங்கிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், லேத் இங்கிட்டே கிடக்கட்டும் என்றார். மறுநாளே ஆள் வைத்து மில்லிங் மிஷினை எடுத்து வந்துவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டேன். லேத்தில் சுவிட்ச் சரியாக இருக்கிறது. மூடி திறந்தால் ஓடாது.

எனவே சொல்கிறேன். கம்பவுண்டர் சுப்பையா அசால்ட்டான ஆள் இல்லை. அந்த சுவிட்சை அவர் கழற்றவில்லை. இதைப் படித்துவிட்டு, இனி என்னை வயரிங்குக்குக் கூப்பிட வேண்டாம் என்று உங்களில் யாராவது நினைத்தால் அதில் எனக்கு வருத்தம் இருக்காது. அவர் கையைக் கொடுத்துக் காப்பாற்றிய பெயர் அது, எனக்குரியது இல்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த உறை மட்டும்தான். மதினி அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதில் மூன்று வரி எழுதினேன். எழுதிவிட்டு, கேட்க ஆளில்லாத அறையில் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன்: பொருள், மூடி சுவிட்ச். கழற்றியவர், செல்வராசு. காரணம், அவசரம்.