ஸ்டென்ட் வைக்காத ஹில்டா

ஹில்டாவுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. பம்மல் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சர். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு இருந்த ஒரே வியாதி தயாளன் என்கிற புருஷன். வகுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். போனில் சொன்னதற்கு அந்த மகானுபாவர், "கேஸா இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடுங்க" என்றார்.

ஆஞ்சியோகிராம் எடுத்த டாக்டர் ஜோசலின் பொறுமையாக விளக்கினார். அடைப்பு கொழுப்பால் வந்ததல்ல. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்து, அதற்குள் புகுந்த ரத்தம் குழாயை நெருக்குகிறது.

"ரத்த ஓட்டம் இப்ப நல்லா இருக்கு. குழாய்க்குள்ள ஸ்டென்ட் வைக்கப்போனா கிழிசல் இன்னும் நீளலாம். ஓட்டம் நின்னாதான் ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம். பெரும்பாலும் தானா ஆறிடும். மாத்திரை, ரெஸ்ட். வெயிட் மட்டும் தூக்கவே கூடாது."

"ஒண்ணுமே பண்ணலியா?" சாவகாசமாக வந்து சேர்ந்திருந்த தயாளனுக்கு முகம் தொங்கிப்போயிற்று, பந்தியில் பாயசம் கிடைக்காதவர் மாதிரி.

போன வருஷம் அவருடைய தம்பி ஸ்டெபினுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அடேயப்பா! பொழிச்சலூரிலிருந்து கூட்டிவந்து ஹில்டா வீட்டிலேயே கிடத்தினார்கள். வேளைக்குக் கஞ்சி, சூப்பு, வீட்டில் ஜெபக்கூட்டம், வந்தவர்களுக்கெல்லாம் காபி. அத்தனையும் ஹில்டா தலையில்தான் விழுந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளோ, மறுபடி அடுப்படி.

"உள்ள ஒண்ணுமே வைக்கலியே, அப்புறம் என்ன ரெஸ்ட்டு?" என்று என்னிடமே கேட்டார், வெட்கங்கெட்ட மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தயாளன் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஹில்டா, கேன் வந்திருக்கு பாரு" என்று குரல் மட்டும் கொடுத்தார். அவள் தூக்கினாள். படியேறும்போதே வலி வந்துவிட்டது.

திரும்ப அதே ஆஸ்பத்திரி. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, இந்தத் தடவை தப்பித்தாள் என்றார்கள். "யாரு வெயிட் தூக்கச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார். தயாளன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹில்டா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல டாக்டர், எனக்கும் ஒரு ஸ்டென்ட் வச்சிடுங்க."

"கிழிசல் நீண்டா உயிருக்கே ஆபத்தும்மா. சொன்னேனே?"

"புரியுது டாக்டர். அதை வச்சாத்தான் எங்க வீட்ல என்னைப் படுக்க விடுவாங்க."

தயாளனுக்கோ முகம் மலர்ந்தது.

"இதையேதான் டாக்டர், நானும் அன்னிக்கே சொன்னேன்!"